பிணை நின்ற லீசிங் பாக்கி கிரிப்பில (கடன் தகவல் பணியகத்தின்ர அறிக்கையில) வருமா? வீட்டுக்கடன் கிடைக்குமா?

உப்புவெளிக்காரன்:
உப்புவெளியில கட்டின வீடொண்டு விலை பேசியிருக்கிறம். வங்கியில 50 இலட்சம் கேட்கிற யோசனை. எனக்கெண்டு கடன் பாக்கி ஒண்டும் இல்லை. ஆனா மச்சானின்ர ஓட்டோ லீசிங்குக்குப் பிணை நிக்கிறன், அவர் நாலு தவணை கட்டயில்லை. இது என்ர கிரிப்பில விழுமா? ஸ்கோர் எவ்வளவு வேணும்? காணிக்காரர் இந்த மாதமே அட்வான்ஸ் கேட்கிறார்.

கடன்மேசை:
விழும். கடன் தகவல் பணியகத்தின்ர அறிக்கையில நீங்கள் எடுத்த கடனும் பிணை நிக்கிற கடனும் தனித்தனியா வரும். மச்சான் கட்டாத நாலு தவணையும் உங்கட பேருக்கு நேரே தெரியும்.

ஸ்கோர் 250 இலிருந்து 900 வரை. "இவ்வளவு இருந்தாக் கடன்" எண்டு பொது விதி கிடையாது, ஒவ்வொரு வங்கிக்கும் தன்ர கொள்கை. இணையத்தில 620, 740 எண்டு வாசிச்சிருந்தா அது அமெரிக்காவின்ர ஃபிகோ எண்ட கடன் ஸ்கோர் கணக்கு, இங்க செல்லாது. இங்க அதிகாரி முதல்ல பார்க்கிறது ஸ்கோரை இல்லை, எந்தக் கடன் எத்தனை நாள் பிந்தியிருக்கு எண்டதைத்தான்.

முதல்ல உங்கட அறிக்கையை நீங்களே எடுங்கோ. வங்கிக் கிளையில அடையாள அட்டையைக் காட்டி விண்ணப்பிக்கலாம், பணியகத்தின்ர இணையத்தளத்திலயும் எடுக்கலாம். 'வி' போட்ட பழைய எண்ணும் புதிய 12 இலக்க எண்ணும் இருந்தா இரண்டையும் குடுங்கோ, பழைய கடன் பழைய எண்ணில கிடக்கும். பிறகு மச்சானோட கதைச்சு நாலு தவணையையும் தாமத வட்டியோட கட்டி, பாக்கி இல்லை எண்டு லீசிங் கொம்பனியிட்ட கடிதம் வாங்குங்கோ. பணியகம் தானா ஒண்டையும் மாத்தாது, கொம்பனி புதுத் தரவு அனுப்பினாத்தான் மாறும். அது மாதாமாதம் போறது. அதாலதான் காசு கட்டின அடுத்த நாளே விண்ணப்பம் போடுற ஆக்கள் திரும்பி வருகினம். ஒரு மாதம் விட்டு அறிக்கையைத் திரும்ப எடுத்துப் பார்த்திட்டுப் போங்கோ. பிந்தின வரலாறு அப்பவும் அழியாது, ஆனா "இப்ப பாக்கி இருக்கு" எண்டதுக்கும் "இருந்து தீர்ந்தது" எண்டதுக்கும் பெரிய வித்தியாசம்.

கணக்குப்பிள்ளை:
ஸ்கோர் சரியா இருந்தும் தொகை குறையும், அதையும் பாருங்கோ. 12 வீத வட்டி, 20 வருடம் எண்டு வைச்சா ஒரு இலட்சத்துக்கு மாதம் கிட்டத்தட்ட 1,100 ரூபா. 50 இலட்சத்துக்கு 55,000 சொச்சம். சம்பளத்தில இருந்து ஏற்கெனவே மாதம் 25,000 லீசிங் போகுதெண்டா, வீட்டுக்கடனில கிட்டத்தட்ட 23 இலட்சத்தை அது விழுங்கியிடும். பாவிக்காத கிறெடிட் காட்டின்ர லிமிற்றையும் சில வங்கி கணக்கில எடுக்கும். தேவையில்லாததை மூடி, மூடின கடிதத்தை வைச்சிருங்கோ.

நொத்தாரிசு:
அட்வான்சை வெறும் துண்டுக் கடதாசியில எழுதிக் குடுக்காதேங்கோ தம்பி. விற்பனை ஒப்பந்தத்தில "கடன் கிடைக்காவிட்டால் முற்பணம் திருப்பித் தரப்படும்" எண்ட வரியும் கால எல்லையும் இருக்க வேணும். முதல்ல காணி உறுதிக் காணியா (உறுதி எழுதின சொந்தக் காணி), அனுமதிப்பத்திரக் காணியா (அரசு அனுமதிப்பத்திரத்தில குடுத்த காணி) எண்டு கேளுங்கோ. எங்கட திருகோணமலை மாவட்டத்தில அனுமதிப்பத்திரக் காணி நிறைய, அதைச் சாதாரண உறுதிக் காணி மாதிரி ஈடு வைக்க ஏலாது. அப்ப கிரிப் ஸ்கோர் 850 இருந்தாலும் பிரயோசனம் இல்லை. காணிப் பதிவகத்தில பதிவுப் பிரதி எடுத்துப் பழைய ஈடு கிடக்கா எண்டும் பார்க்கச் சொல்லுங்கோ.

உப்புவெளிக்காரன்:
நன்றி அண்ணாமார். உறுதிக் காணிதான். பிணையிலிருந்து நானே விலகலாமா?

கடன்மேசை:
தனிய ஏலாது. வேற பிணையாளியை மச்சான் கொண்டுவந்து, கொம்பனியும் ஒத்துக்கொண்டாத்தான் உங்கட பேரை எடுப்பினம். பாக்கி நிக்கிற நேரம் ஒத்துக்கொள்ளாயினம்.