புதுப்பிப்பு: குழித்தட்டில் தக்காளி நாற்று சாய்ந்தது ஏன்?

குழித்தட்டில் (சிறு குழிகள் கொண்ட நாற்றுத் தட்டு) முளைத்த தக்காளி நாற்று சாய்வது ஏன் என்று முந்தைய பதிவில் கேட்டிருந்த சிக்கலுக்குக் காரணம், நாற்றழுகல் என்ற பூஞ்சை நோய்தான். சாய்ந்த நாற்றின் அடித்தண்டைப் பாருங்கள்: மண்ணை ஒட்டிய இடம் நீர்கோத்து, நூல்போல் சுருங்கியிருக்கும். அது பிழைக்காது, அந்தக் குழியிலுள்ள கலவையோடு கொட்டிவிடுங்கள்.

தட்டை நிரப்பும் கலவைக்குத் தென்னை நார்க்கழிவும் மண்புழு உரமும் சம அளவு என்று அந்தப் பதிவில் எழுதியிருந்தேன், திருத்திக்கொள்ளுங்கள். உரம் பாதியானால் கலவை இறுகி, காற்றோட்டம் குறைகிறது. நார்க்கழிவு 3 பங்கு, உரம் 1 பங்கு போதும். நார்க்கழிவை 3 முறை அலசுங்கள், உப்பு தங்கினால் இலை நுனி கருகும்.

விதை அரை சென்டிமீட்டர் ஆழம். பூவாளி வேண்டாம், தட்டை 15 நிமிடம் தண்ணீரில் வைத்தெடுத்து வடியவிடுங்கள். மேற்பரப்பு வெளுத்த பிறகே அடுத்த தண்ணீர். (பெரும்பாலும் நாற்றைக் கொல்வது பாசத்தில் அதிகமாக ஊற்றும் தண்ணீர்தான்.)

நோய்ப் பூஞ்சையை அடக்கும் நன்மை செய்யும் பூஞ்சையான டிரைக்கோடெர்மாவை, விதைக்கும் முன் விதைநேர்த்தியாகக் கிலோ விதைக்கு 4 கிராம் கலக்கலாம். வீட்டளவுக்கு ஒரு சிட்டிகை. சாய்ந்தபின் தூவுவது வீண்.