மறு: டிவிடி மென்பொருளில் எல்லாவற்றுக்கும் 'மாற்று' போதுமா?

வணக்கம்.

மடிக்கணினியில் ஒரு டிவிடி தயாரிக்க ராத்திரி முழுக்க ஆகிறது, ஏன் என்று போன வாரம் ஒருவர் கேட்டிருந்தாரே, டிவிடி தயாரிக்கும் மென்பொருளுக்கு நாம் செய்த தமிழ் மொழிபெயர்ப்பின் கோளாறு அந்தக் கேள்வியிலேயே தெரிகிறது. திரையில் 'மாற்றுகிறது…' என்றே நிற்கிறதாம். எந்த மாற்றம்? நம் மொழிபெயர்ப்புக் கோப்பில் கன்வர்ட், ட்ரான்ஸ்கோட், ரீமக்ஸ் மூன்றுக்கும் 'மாற்று'தான். ஆதரிங், பர்னிங் இரண்டுக்கும் 'உருவாக்கு'. எங்கே நேரம் போகிறது என்று அவருக்கும் சொல்லத் தெரியவில்லை, நமக்கும் கேட்கத் தெரியவில்லை.

முதலில் ட்ரான்ஸ்கோடிங். செல்பேசியில் எடுத்த படம் பெரும்பாலும் எச்.264 என்ற முறையில் சுருக்கப்பட்டது, அளவு 1920×1080. டிவிடிக்கு வேண்டியது எம்பெக்-2 என்ற வேறு சுருக்க முறை; பால் என்னும் தொலைக்காட்சி முறையில் (கறக்கிற பால் இல்லை) 720×576, நொடிக்கு 25 சட்டகம் (ஃப்ரேம்). ஒவ்வொரு சட்டகத்தையும் பிரித்து, அளவைக் குறைத்து, மறுபடி குறியாக்க வேண்டும். பாரம் முழுக்கச் செயலியின் (சிபியு) தலையில். 'இரு சுற்று' விருப்பத்தை (படத்தை ஒருமுறை அலசிவிட்டு, அடுத்த முறை குறியாக்குவது) தேர்ந்திருந்தால் ஏறக்குறைய இரட்டிப்பு நேரம். மடிக்கணினியை மெத்தை மேல் வைத்து ஓட்டினால் காற்றுத் துளை அடைபட்டு, சூடு ஏறி, செயலி தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

இதற்கு முன்மொழியப்பட்ட 'மறுகுறியாக்கம்' பொருளில் சரி. ஆனால் 'மறுகுறியாக்கப்படுகிறது' என்று முன்னேற்றப் பட்டையில் போட்டால் பாதி வெட்டுப்படும். அதோடு, 'குறியாக்கம்' என்பதைச் சிலர் தகவலைப் பூட்டி மறைக்கும் என்கிரிப்ஷனுக்கும் எழுதுகிறார்கள். என் பரிந்துரை 'குறிமாற்று', 'குறிமாற்றம்'. குறி என்றாலே சிரிப்பவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும்.

ரீமக்ஸிங் வேறு சங்கதி. படமும் ஒலியும் அப்படியே இருக்கும், மேலே இருக்கும் உறை மட்டும் மாறும். எம்கேவி வகைக் கோப்பிலிருந்து எம்பி4 வகைக்கு இப்படிப் போகலாம். செயலிக்கு வேலையே இல்லை. ஆகவே 'உறைமாற்று'. டெவெடெ என்னும் டிவிடி தயாரிக்கும் மென்பொருளில், கோப்பு ஏற்கெனவே டிவிடிக்கு ஏற்ற எம்பெக் என்றால் குறிமாற்றத்தைத் தவிர்க்க ஒரு விருப்பம் உண்டு. பழைய டிவிடி கேம்கார்டரில் எடுத்த படத்துக்கு அதைத் தேர்ந்தால் பல மணி நேரம் மிச்சம். இரண்டுக்கும் ஒரே சொல் வைத்திருக்கும் நாம் அந்த வரியை எப்படி மொழிபெயர்ப்பது?

ஆதரிங்குக்கு ஒரு நண்பர் 'படைப்பாக்கம்' என்றார். எனக்கு ஒப்பவில்லை. இந்தக் கட்டத்தில் யாரும் எதையும் படைப்பதில்லை. தயாராக இருக்கும் எம்பெக்கை ஒரு ஜிபிக்கு மிகாத விஓபி (படமும் ஒலியும் இருக்கும் டிவிடி கோப்பு) துண்டுகளாக்கி, பட்டி (மெனு), அத்தியாயங்கள் பற்றிய விவரங்களை ஐஎஃப்ஓ என்னும் வழிகாட்டிக் கோப்புகளில் கோப்பதுதான் வேலை. 'கோவையாக்கம்' பொருந்தும், கோப்புக்கும் அதே வேர். இங்கே காத்திருப்பது வன்தட்டுக்காக: ஒரே தட்டிலிருந்து படித்து அதிலேயே எழுதினால் இழுக்கத்தான் செய்யும்.

பர்னிங்கை 'எரி' என்று யாரும் மறுபடி தொடங்க வேண்டாம். 'வட்டில் எழுது' போதும். 1எக்ஸ் என்னும் அடிப்படை எழுதும் வேகம் நொடிக்குச் சுமார் 1.385 எம்பி, 4.7 ஜிபி வட்டு நிரம்ப ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும். 8எக்ஸில் பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். ராத்திரி முழுக்க ஓடுகிறதென்றால் குற்றவாளி பர்னிங் இல்லை.

---

மேலே உள்ள மடலுக்கு என் பதில்: குறிமாற்று, உறைமாற்று இரண்டுக்கும் என் ஆதரவு. எங்கள் யாழ்ப்பாணப் பக்கம் சிடியை 'இறுவட்டு' என்போம். 'வட்டில் எழுது' எங்களுக்கும் விளங்கும். 'கோவையாக்கம்' மட்டும் கொஞ்சம் நெருடுகிறது. வெறும் 'கோவை' என்று வந்தால் தமிழ்நாட்டார் கோயம்புத்தூர் என்று வாசிப்பார்கள் இல்லையா? 'வட்டுக்கோவை' என்று சேர்த்தே எழுதுவோம்.

கேள்வி கேட்டவருக்கு: செயலியின் பளுவைக் காட்டும் 'டாப்' கட்டளையைப் போட்டுப் பாருங்கள். செயலி 100%ஐ ஒட்டி நின்றால் குறிமாற்றம்தான் நடக்கிறது. இரு சுற்றை எடுத்துவிட்டு, கணினியை மேசைக்கு மாற்றுங்கள். செயலி சும்மா இருந்து வன்தட்டு விளக்கு மட்டும் மின்னினால் வட்டுக்கோவை வேலை. இடைக்காலக் கோப்புகளுக்கு வேறொரு தட்டைக் காட்டுங்கள்.

ஞாயிறுக்குள் மறுப்பு வராவிட்டால் நான்கு சொல்லையும் மொழிபெயர்ப்புக் கோப்பில் ஏற்றிவிடுகிறேன்.