பட்டுக்கோட்டை வீடு குழு: மூன்று கொட்டேஷன், ஒரு தென்னை மரம்

சனி, காலை 7:40

நான்: அப்பா, சோலாருக்குக் கேட்ட மூன்று கொட்டேஷனும் வந்துவிட்டது. படமாக அனுப்பினால் எழுத்து உங்கள் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. தட்டச்சு செய்தே போடுகிறேன். மூன்றுமே 3 கிலோவாட்.

நான்: நம்மூர் கடை 1,65,000. ஜிஎஸ்டி 13.8 சதவீதம் தனி, நெட் மீட்டர், அதாவது இ.பி.க்குக் கொடுப்பதையும் வாங்குவதையும் கணக்கிடும் மீட்டர், அதன் செலவும் தனி. 540 வாட் பேனல் 6. எந்தக் கம்பெனி பேனல் என்று எழுதவில்லை.

நான்: தஞ்சாவூர்க்காரர் 2,05,000. வரி, நெட் மீட்டர், மூன்று எர்த்திங், 5 வருடப் பராமரிப்பு எல்லாம் உள்ளடக்கம். பேனல், இன்வெர்ட்டர் இரண்டுக்கும் கம்பெனி பெயரும் மாடல் நம்பரும் போட்டிருக்கிறார்.

நான்: திருச்சிக்காரர் 3,32,000. கரண்ட் போனாலும் பேட்டரியில் ஓடும் ஹைப்ரிட் இன்வெர்ட்டர், 5 யூனிட் கரண்ட் சேமிக்கும் லித்தியம் பேட்டரியோடு.

அப்பா: நம்மூர் கடையே குறைவாக இருக்கிறதே. தெரிந்த பையன். ஏதாவது என்றால் கூப்பிட்டவுடன் வருவான்.

அம்மா: பேட்டரி இருப்பதைத்தான் வாங்க வேண்டும். கரண்ட் போனால் எரியாத சோலார் எனக்கு எதற்கு?

அக்கா: அம்மா, விலையைப் பார்த்தீர்களா? ஏறக்குறைய இரண்டு மடங்கு.

அத்தான்: மாமா, வணக்கம். தம்பி, திருச்சி கொட்டேஷனில் கடைசிப் பக்கத்தைப் பார். 3,32,000 என்பது அரசு மானியம் கழித்த விலையா?

நான்: ஆமாம் அத்தான். கீழே சின்ன எழுத்தில் இருக்கிறது. மொத்தம் 4,10,000, அதில் மானியம் 78,000 கழித்தது.

அத்தான்: அப்படியானால் மூன்றையும் நேருக்கு நேர் வைத்துப் பார்க்க முடியாது. மானியம் கடைக்காரர் கைக்கு வராது. நாம் முழுப் பணத்தையும் கட்டி, வேலை முடிந்து, நெட் மீட்டர் மாட்டிய பிறகு நம் வங்கிக் கணக்குக்கு வரும். மாமா 4,10,000 ரூபாயைத் தயாராக வைத்திருக்க வேண்டும்.

அத்தான்: அடுத்தது நம்மூர் கடை. 13.8 என்பது பழைய வரி. 2025 செப்டம்பர் 22 முதல் சோலார் பொருளுக்கு 12 சதவீதம் 5 ஆகிவிட்டது. மொத்த விலையில் 70 பங்கு பொருள், 30 பங்கு வேலை என்று கணக்கு. வேலைக்கு 18. இரண்டையும் சேர்த்தால் 8.9 தான் வரும். 1,65,000 ரூபாய்க்கு இதிலேயே எட்டாயிரம் ரூபாய் வித்தியாசம்.

அப்பா: அவன் பழைய தாளிலேயே அச்சடித்திருப்பான். சொன்னால் மாற்றித் தருவான்.

அத்தான்: இருக்கலாம் மாமா. ஆனால் பேனல் பெயர் இல்லாததுதான் பெரிய சிக்கல். தம்பி, டிசிஆர் பேனலா என்று அவரிடம் கேள். செல், பேனல் இரண்டுமே இந்தியாவில் செய்ததாக இருந்தால்தான் மத்திய அரசு மானியம்.

காலை 9:15

நான்: கேட்டேன். டிசிஆர் இல்லையாம். "அதெல்லாம் வேண்டுமென்றால் விலை ஏறும்" என்றார்.

அக்கா: அப்படியானால் 78,000 ரூபாயும் கிடையாதா?

நான்: கிடையாது. சரியான வரி போட்டால் அங்கே ஏறக்குறைய 1,80,000. அதோடு நெட் மீட்டர் செலவும் சேரும், எதுவும் திரும்பி வராது. தஞ்சாவூரில் 2,05,000 கட்டி 78,000 திரும்பி வந்தால் 1,27,000.

அப்பா: இதை அவன் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். நான் அட்வான்ஸ் கொடுக்க இருந்தேன்.

சித்தப்பா: அண்ணே, இப்போதுதான் பார்த்தேன். நான் போட்டு இரண்டு வருடம் ஆகிறது. ஒன்று மட்டும் சொல்கிறேன், அண்ணி சொல்வதைத் தள்ளிவிடாதீர்கள். எனக்குப் போட்டது ஆன்கிரிட், அதாவது பேட்டரி இல்லாமல் இ.பி. கரண்டோடு சேர்ந்து மட்டும் ஓடுவது. போட்டவர் அதைச் சொல்லவே இல்லை. முதல் மே மாதம், பகல் 12 மணி, மாடியில் வெயில் கொளுத்துகிறது, தெருவில் கரண்ட் போனதும் என் வீடும் இருட்டு. கெட்டுவிட்டது என்று நினைத்து அவருக்குப் போன் செய்தேன். "அது அப்படித்தான் சார்" என்றார்.

அத்தான்: சித்தப்பா சொல்வது உண்மை. கம்பத்தில் ஆள் வேலை செய்யும்போது நம் வீட்டுக் கரண்ட் கம்பிக்குப் போனால் அவர் உயிருக்கு ஆபத்து. அதனால் இ.பி. கரண்ட் நின்றதும் ஆன்கிரிட் இன்வெர்ட்டரும் நின்றுவிடும். அது இருக்க வேண்டிய பாதுகாப்பு. சொல்லாமல் விற்றதுதான் தவறு.

அம்மா: கஜா புயல் வந்தபோது நீங்கள் யாரும் இங்கே இல்லை. 2018 நவம்பர் 16, விடிவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அதற்கப்புறம் கரண்ட் வர எத்தனை வாரம் என்று எண்ணிக்கொண்டு இருந்தோம். தொட்டியில் தண்ணீர் இல்லை. அப்பாவுக்கு மூச்சு இழுத்தது, நெபுலைசர் வைக்க டீசல் ஜெனரேட்டர் இருந்த வீட்டுக்கு ஆட்டோவில் போனோம். நான் பில்லுக்காகச் சோலார் கேட்கவில்லை.

அக்கா: அம்மா, இதை நீங்கள் எங்களிடம் சொன்னதே இல்லை.

அம்மா: சொல்லி என்ன செய்வது? வர வழியும் இல்லை அப்போது.

அத்தான்: அத்தை, அப்படியானால் நாம் இரண்டு கேள்வியை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டிருக்கிறோம். பில் ஒன்று, கரண்ட் போனால் என்ன என்பது இன்னொன்று. பில்லுக்குப் பேட்டரி தேவையே இல்லை. பகலில் மிஞ்சுவதை இ.பி.க்குக் கொடுத்துவிட்டு ராத்திரி திரும்ப வாங்குகிறோம். நெட் மீட்டர் இருக்கிறவரை இ.பி.தான் நம் பேட்டரி. நெபுலைசருக்கும் தண்ணீருக்கும்தான் உண்மையான பேட்டரி வேண்டும். இரண்டுக்கும் தனித்தனியாக அளவு பார்ப்போம். மாமா, ஒரு வருட பில் யூனிட் கிடைக்குமா?

பகல் 12:20

அப்பா: இ.பி. அட்டையில் பார்த்து எழுதினேன். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை: 620, 860, 700, 640, 480, 460. 860 வந்தது ஏப்ரல், மே. அன்றைக்கு 5,400 ரூபாய் கட்டினேன்.

நான்: நான் போட்ட கணக்கைச் சொல்கிறேன், தவறு இருந்தால் திருத்துங்கள். ஒரு கிலோவாட் ஒரு நாளைக்கு 4 யூனிட் என்று குறைத்தே வைத்துக்கொண்டேன். 2 கிலோவாட் என்றால் இரண்டு மாதத்துக்கு 480, 3 கிலோவாட் என்றால் 720.

நான்: நம் ஊர் பில்லில் முதல் 100 யூனிட் இலவசம், 500 தாண்டினால்தான் யூனிட் 8 ரூபாய்க்கு மேல், 600க்கு மேல் 9, 800க்கு மேல் 10 என்று ஏறுகிறது. சோலார் மேலிருந்து கீழாக வெட்டுகிறது. 860இல் 480 போனால் மீதி 380. விலை கூடிய யூனிட் அத்தனையும் போய்விட்டது. 5,400 கட்டிய இடத்தில் 1,100 ரூபாய்க்குள் வரும். மூன்றாவது கிலோவாட் வெட்டுவது 5 ரூபாய்க்கும் குறைவான யூனிட்டைத்தான். மழை மாதங்களில் அதற்கு வெட்டவே ஒன்றும் இருக்காது.

அத்தான்: அருமை தம்பி. மானியமும் அப்படித்தான். முதல் இரண்டு கிலோவாட்டுக்கு 30,000 வீதம் 60,000. மூன்றாவதுக்கு 18,000 மட்டும். அதற்கு மேல் எவ்வளவு போட்டாலும் 78,000தான்.

சித்தப்பா: என்னிடம் எல்லாரும் "3 போட்டால்தான் முழு மானியம்" என்றே சொன்னார்கள். இப்படிக் கணக்குப் போட்டுக் காட்ட ஆள் இல்லை.

நான்: தஞ்சாவூர்க்காரரிடம் 2 கிலோவாட்டுக்குப் போனில் கேட்டுவிட்டேன். 1,45,000. மானியம் போக 85,000. மூன்றுக்கும் இரண்டுக்கும் நம் கையிலிருந்து 42,000 வித்தியாசம். மூன்றாவது கிலோவாட் வருடத்துக்கு மூவாயிரம் மிச்சம் பிடித்தால் அதிகம்.

அப்பா: பின்னால் இன்னொரு ஏசி போட்டால்?

அத்தான்: அப்போது இரண்டு பேனல் சேர்க்கலாம் மாமா. அதற்கு இடம் கொடுக்கும் இன்வெர்ட்டராக இப்போதே கேட்டு வாங்குவோம்.

ஞாயிறு, காலை 8:05

அம்மா: நேற்று சாயங்காலம் திருச்சி ஆள் நேரில் வந்து மாடியைப் பார்த்தார். தென்கிழக்கு மூலையில் நிற்கிற தென்னையை வெட்டச் சொல்கிறார். நிழல் விழுமாம். முடியாது என்று சொல்லிவிட்டேன்.

அக்கா: அம்மா, ஒரு மரம்தானே?

அம்மா: கொல்லையில் பதினொரு மரம் இருந்தது. கஜாவில் பத்து விழுந்தது. இது ஒன்றுதான் நின்றது. இதை நான் வெட்டிச் சோலார் போட மாட்டேன்.

நான்: வெட்ட வேண்டாம் அம்மா. அப்பா, இன்று காலை 9, பகல் 12, மாலை 3 மணிக்கு மாடியில் நிழல் எங்கே விழுகிறது என்று மூன்று படம் எடுத்துப் போடுங்கள். தண்ணீர்த் தொட்டி நிழலும் தெரிய வேண்டும்.

மாலை 3:30

அப்பா: மூன்று படமும் போட்டுவிட்டேன். மர நிழல் கிழக்குப் பாதியோடு நின்றுவிடுகிறது. மேற்குப் பாதி மூன்று நேரமும் வெயில்தான். ஆனால் அங்கே 18 அடிக்கு 10 அடிதான் காலி.

அத்தான்: போதும் மாமா! 540 வாட் பேனல் ஒன்று ஏழரை அடிக்கு மூன்றே முக்கால் அடி. ஆறு பேனல் அங்கே கொள்ளாது, கிழக்கே போயே ஆக வேண்டும். ஒரு பேனலில் நிழல் விழுந்தாலும் அந்த வரிசையின் உற்பத்தியே குறையும். 2 கிலோவாட்டுக்கு நான்கு பேனல்தான். மேற்கிலேயே அடங்கிவிடும், நடுவில் துடைக்க நடக்கவும் இடம் இருக்கும்.

அக்கா: அப்படியானால் மரம் இருக்கட்டும். அம்மா, அப்படிப் பேசியதற்கு மன்னித்துவிடுங்கள்.

அம்மா: பரவாயில்லை கண்ணு.

சித்தப்பா: அண்ணே, பேனலைத் தாங்கும் ஸ்ட்ரக்சரை விட்டுவிடாதீர்கள். உங்கள் பக்கம் அதிராம்பட்டினம் கடல் காற்று வேறு. பெயின்ட் அடித்த இரும்பு வேண்டாம், துத்தநாகத்தில் முக்கியெடுத்த இரும்பு, அதாவது ஹாட் டிப் ஜி.ஐ. என்று கொட்டேஷனிலேயே எழுதி வாங்குங்கள். கால் ஒவ்வொன்றுக்கும் கான்கிரீட் கட்டை எவ்வளவு கனம், தளத்தில் போல்ட் எப்படி இறக்குவார்கள், துளையிட்ட இடத்தில் ஒழுகாமல் என்ன பூசுவார்கள் என்று கேளுங்கள். தலைக்கு மேல் உயரமாகத் தூக்கி நிறுத்தவே வேண்டாம். கஜா மாதிரி ஒன்று வந்தால் பேனலே இல்லாமல் பேட்டரி மட்டும் வைத்து என்ன செய்வது?

அத்தான்: இப்போது பேட்டரி. அத்தை, கரண்ட் போனால் எது எது ஓட வேண்டும்?

அம்மா: நெபுலைசர், இரண்டு ஃபேன், நாலு லைட், போன் சார்ஜ். தினம் ஒரு தடவை மோட்டார். ஃபிரிட்ஜ் ஓடாவிட்டாலும் பரவாயில்லை.

அத்தான்: மோட்டார் தவிர மற்றதற்கு ராத்திரி முழுக்க இரண்டு யூனிட் போதும். மோட்டாரைப் பகல் வெயிலில் போட்டுக்கொள்ளலாம். ஆனால் ஒரு எச்பி மோட்டார் கிளம்பும்போது பல மடங்கு கரண்ட் இழுக்கும், அதை இன்வெர்ட்டர் தாங்குமா என்று எழுத்தில் கேட்க வேண்டும். இப்போது வீட்டில் இருக்கிற, தண்ணீர் ஊற்றும் டியூபுலர் பேட்டரி எத்தனை வருடம்?

அப்பா: நாலு வருடம். முன்பு போல நிற்பதில்லை.

அத்தான்: அப்படியானால் அதற்கு மறுபடி டியூபுலர் வாங்கப் பணம் போட வேண்டாம். டியூபுலரைப் பாதிக்கு மேல் காலி செய்தால் ஆயுசு குறையும். லித்தியத்தில் 80 சதவீதம் வரை எடுக்கலாம், தண்ணீர் ஊற்றும் வேலையும் இல்லை. லித்தியம் அயன் பாஸ்பேட் வகையா என்று மட்டும் உறுதி செய்துகொள்வோம். மூன்றாவது கிலோவாட்டை விட்டதில் மிஞ்சிய 42,000 ரூபாயை இந்தப் பக்கம் திருப்பலாம்.

அக்கா: பேட்டரிக்குக் குறைகிற பணத்தை நானும் தம்பியும் பாதிப் பாதி போட்டுக்கொள்கிறோம். அப்பா மறுக்கக் கூடாது.

அப்பா: சரி. அம்மா கேட்டதற்காக ஒத்துக்கொள்கிறேன்.

நான்: தஞ்சாவூர், திருச்சி இரண்டு பேருக்கும் ஒரே கேள்வித்தாள் அனுப்புகிறேன். 2 கிலோவாட், நான்கு டிசிஆர் பேனல், மேற்குப் பாதியில். ஹைப்ரிட் இன்வெர்ட்டர், லித்தியம் பேட்டரி, ஸ்ட்ரக்சர், வயர், எர்த்திங், நெட் மீட்டர் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி விலை. மானியம் கழிக்காத தொகை. வாரன்டி பேனலுக்கு, இன்வெர்ட்டருக்கு, பேட்டரிக்கு எத்தனை வருடம் என்று தனியாக. மோட்டார் கிளம்புமா என்பதற்கு எழுத்தில் பதில்.

சித்தப்பா: இன்னொன்று. இ.பி. இணைப்பு இன்னும் எங்கள் அப்பா பெயரில்தானே இருக்கிறது? அண்ணன் பெயருக்கு மாற்றாமல் மானியத்துக்கு எழுதிப்போட்டால் இழுத்தடிக்கும்.

அப்பா: ஆமாம், அதை மறந்தே போனேன். வாரிசுச் சான்றிதழ் பீரோவில் இருக்கிறது. திங்கள் காலை செக்‌ஷன் ஆபீஸுக்குப் போகிறேன். பெயர் மாற்றத்தோடு, சோலார் போட்டால் வேறு கட்டணம் ஏதாவது உண்டா என்றும் கேட்டுவிடுகிறேன்.

அம்மா: போகும்போது நெபுலைசருக்கு மருந்து வாங்க வேண்டும், சீட்டை எடுத்துக்கொள்ளுங்கள்.