பிபிசி-157 (BPC-157), டிபி-500 (TB-500) ஊசி பற்றித் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. என் தம்பி மாநில அளவில் கபடி ஆடுகிறவன். முழங்கால் சிப்பிக்குக் கீழே தசைநாரில் வலி, மாதக்கணக்காகியும் போகவில்லை, படி இறங்கும்போது கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டுதான் இறங்குகிறான். ஜிம்மில் ஒருவர் பிபிசி-157, டிபி-500 என்ற இரண்டு பெப்டைடு (சிறு புரதத் துண்டு) ஊசிகளையும் சேர்த்துப் போட்டால் சீக்கிரம் ஆறிவிடும் என்று குப்பியையும் கொடுத்துவிட்டார், லேபிளிலேயே 'ஆராய்ச்சிக்கு மட்டும்' என்று போட்டிருக்கிறது.

நான் படித்தவரை பிபிசி-157 என்பது 15 அமினோ அமிலங்கள் கொண்ட தொடர். எலிகளுக்குத் தசைநார் ஆறியதாக நிறைய ஆய்வுகள் உண்டு, மனிதர்களிடம் நடந்தவை மிகக் குறைவு. டிபி-500 தைமோசின் பீட்டா-4 என்ற புரதத்தைச் சார்ந்தது. இரண்டுமே புது ரத்தக்குழாய் வளரத் தூண்டும் என்கிறார்கள், அது புற்றுநோய்க் கட்டியையும் வளர்த்துவிடுமோ என்று, எங்கள் அப்பாவுக்குப் புற்றுநோய் வந்ததால் எனக்கு அதுதான் பெரிய பயம். அப்புறம் இரண்டுக்கும் உலக ஊக்கமருந்து தடுப்பு முகமையின் தடை இருக்கிறது, பரிசோதனையில் சிக்கினால் அவன் ஆட்டமே போச்சு.

போட்டுக்கொண்டவர்கள் இருந்தால் நல்லது கெட்டது இரண்டையும் எழுதுங்கள். பிசியோக்கள், விளையாட்டு மருத்துவர்கள் யாராவது இருக்கிறீர்களா? கொலாஜன் பெப்டைடை வைட்டமின் சி-யோடு குடித்து, எடை தூக்கும் பயிற்சியை மெதுவாகக் கூட்டினாலே போதுமா? அடுத்த வாரமே ஊசி போடலாம் என்று அவன் நிற்கிறான், அதற்குள் சொன்னால் பெரிய உதவி.