பலகையும் சைக்கிளும் ஏற்ற வேண்டும்: சிறிய ஹேட்ச்பேக் காருக்கு எந்தக் கேரியர்?

வேளச்சேரிவாசி:

அனைவருக்கும் வணக்கம். ஒன்றரை ஆண்டாக ஞாயிறு விடியற்காலையில் கோவளம் சென்று அலைச்சறுக்கு பழகி வருகிறேன். இதுவரை அங்கேயே வாடகைக்குப் பலகை எடுத்துக்கொண்டேன். சென்ற மாதம் சொந்தமாக 9 அடிப் பலகை ஒன்றை வாங்கிவிட்டதால், அதை எப்படிக் கொண்டுபோவது என்ற கேள்வி வந்து நிற்கிறது. முன் இருக்கையைச் சாய்த்து உள்ளே நுழைத்துப் பார்த்தேன். முனை முன்கண்ணாடியில் முட்டியது, டிக்கியும் மூடவில்லை.

என்னுடையது ஐந்து கதவுகள் கொண்ட சிறிய ஹேட்ச்பேக். கூரையின் இருபுறமும் கறுப்பு ரெயில்கள் உள்ளன. கார் அலங்காரப் பொருள்கள் விற்கும் ஒரு கடையில் விசாரித்தபோது, அந்த ரெயிலிலேயே இரண்டு குறுக்குக் கம்பிகளைப் பூட்டிவிடலாம், அரை மணி நேர வேலைதான் என்றார்கள். வீட்டுக்கு வந்து ரெயிலின் நடுப்பகுதியைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன். அது வளைந்து கொடுத்ததோடு, ஒரு முனையிலிருந்து 'டக்' என்று கிளிப் விலகும் ஓசையும் வந்தது. அதன் பிறகு அந்தக் கடைக்குத் திரும்பிப் போக மனம் வரவில்லை.

நான் அறிய விரும்புபவை இவை. இந்த ரெயில் எடை தாங்குமா? தாங்காது என்றால் வேறு எதில் கேரியரைப் பூட்டுவது? பலகையோடு சேர்த்து என் சைக்கிளையும் மனைவியின் சைக்கிளையும் ஒரே பயணத்தில் ஏற்ற முடியுமா? காற்றடைத்த திண்டுகளைக் கூரையில் வைத்துப் பட்டையைக் கதவு வழியாக உள்ளே இழுத்துக் கட்டும் முறை ஒன்று இருக்கிறதே, கோவளம் வரை போய்வர அதுவே போதாதா?

இரும்புக்குதிரை:

உங்கள் கட்டைவிரல் சொன்னதை நம்புங்கள். நம் ஊரில் விற்கும் பல சிறிய கார்களில் ரெயில் என்பது பிளாஸ்டிக்கால் செய்து, கிளிப்பாலும் பசையாலும் கூரையில் ஒட்டவைத்த அலங்காரம் மட்டுமே. வண்டியோடு வரும் கையேட்டில் சரக்கு ஏற்றுவது பற்றிய பக்கத்தையோ தொழில்நுட்ப விவரங்களின் பக்கத்தையோ தேடிப் பாருங்கள். கூரை எவ்வளவு எடை தாங்கும் என்ற எண்ணோ, ரெயிலில் எதையும் கட்டக் கூடாது என்ற எச்சரிக்கையோ அங்கே இருக்கலாம். இரண்டுமே இல்லையென்றால் நிறுவனத்தின் வாடிக்கையாளர் பிரிவுக்கு மின்னஞ்சல் அனுப்பி எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள். விற்பனையகத்தில் வாய்மொழியாகச் சொல்வதை நான் கணக்கில் எடுப்பதில்லை.

கேரியரைப் பலரும் ஏற்றப்போகும் பொருளைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். கூரையைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பதே சரி. ஆம்னி, பொலேரோ போன்ற வண்டிகளில் கூரையின் ஓரத்தில் மழைநீர் வடியும் பள்ளம் வெளியே தெரியும். கேரியரின் கால்கள் அதில் கவ்வி நிற்கும். உலோகத்தால் ஆன, அடியில் கை நுழையும் இடைவெளி கொண்ட உண்மையான ரெயில் இருந்தால் கால்கள் ரெயிலையே சுற்றிக் கவ்வும். சில வண்டிகளில் சிறு மூடிகளுக்கு அடியில் திருகு மாட்டும் புள்ளிகளை நிறுவனமே வைத்திருக்கும். இவை எதுவும் இல்லாத வெற்றுக் கூரைக்கு, கதவுச் சட்டத்தின் உள்விளிம்பைக் கொக்கியால் பிடித்துக்கொண்டு ரப்பர் பாதத்தில் நிற்கும் கிளாம்ப் வகை ஒன்றுதான் வழி. உங்கள் வண்டியை வெற்றுக் கூரையாகவே கருதுங்கள். கிளாம்பின் பாதம் கூரையில் சரியாக உட்கார அந்த அலங்கார ரெயில் இடம் விடுகிறதா என்பதை மட்டும் நேரில் பார்த்துவிட வேண்டும். சில வண்டிகளில் ரெயிலைக் கழற்றினால்தான் இடம் கிடைக்கும்.

தூலே, யாக்கிமா போன்ற நிறுவனங்கள் கால், கம்பி, வண்டிக்கேற்ற கொக்கித் தொகுதி ஆகிய மூன்றையும் தனித்தனியாக விற்பதற்குக் காரணம் இதுதான். ஒவ்வொரு வண்டியின் கதவுச் சட்டமும் வெவ்வேறு வளைவு கொண்டது. ஒரே பெயரில் வந்தாலும் பழைய மாடலுக்கான கொக்கி புதிய மாடலுக்குப் பொருந்தாமல் போகக்கூடும். எல்லா வண்டிக்கும் பொருந்தும் என்று சொல்லி விற்ற கேரியர் ஒன்றை முதலில் நானும் வாங்கினேன். கொக்கியில் ரப்பர் உறை இல்லை. இரண்டு மழைக்காலம் கழித்துக் கழற்றியபோது, நான்கு கதவுச் சட்டங்களிலும் கொக்கி இருந்த இடத்தில் பெயின்ட் உரிந்து, செம்பழுப்பில் துரு கோடு போட்டிருந்தது. கடற்கரைக்குப் போய்வரும் வண்டிக்கு அதைவிடக் கேடு வேறில்லை.

எடைக் கணக்குக்கு வருகிறேன். சிறிய கார்களுக்குப் பெரும்பாலும் 50 முதல் 75 கிலோ வரை அனுமதிப்பார்கள். அந்த எண்ணுக்குள் கம்பிகளின் எடையும், சைக்கிள் தாங்கியின் எடையும் அடக்கம் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். உங்கள் வண்டிக்கு 50 கிலோ என்றே வைத்துக்கொள்வோம். கம்பியும் கால்களும் சேர்ந்து 6, உறையோடு பலகை 9, இரண்டு சைக்கிள் தாங்கிகள் 8, இரண்டு சைக்கிள்கள் ஏறத்தாழ 25 என்றால் மொத்தம் 48 கிலோ ஆகிவிடுகிறது. எடையால் தப்பித்தாலும் அகலத்தில் மாட்டிக்கொள்வீர்கள். பலகை மட்டுமே 58 சென்டிமீட்டர் அளவுக்கு இடம் பிடிக்கும். சிறிய காரின் கம்பியில் மீதமிருக்கும் இடத்தில் ஒரு சைக்கிளை வைக்கலாம், இரண்டாவதன் கைப்பிடி முதலாவதில் இடிக்கும். ஆகவே பலகையோடு ஒரு சைக்கிள், அல்லது பலகை இல்லாமல் இரண்டு சைக்கிள் என்று திட்டமிடுங்கள்.

உப்புக்காற்று:

காற்றடைத்த திண்டைப் பற்றி யாரும் பேசாததால் நான் எழுதுகிறேன். மகாபலிபுரத்துக்கு இரண்டு ஆண்டுகள் அதில்தான் பலகையைக் கொண்டுபோனேன். குறுகிய தொலைவுக்கு, மெதுவாக ஓட்டுபவருக்கு அது உதவும். ஆனால் ஓர் ஐப்பசி மாதம், திரும்பி வரும் வழியில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் மழை பிடித்துக்கொண்டது. கதவு இடுக்கு வழியாக உள்ளே வரும் பட்டை திரி போல நீரை உறிஞ்சி, சரியாக என் மடிக்கு மேலே சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டே வந்தது. நீலாங்கரை வந்து சேர்வதற்குள் இருக்கை முழுவதும் நனைந்துவிட்டது. பட்டை ஓயாமல் அழுத்தியதில் கதவின் ரப்பர் பீடிங்கும் நசுங்கிப்போனது. மாதம் ஒருமுறை போகிறவருக்கு இது போதும். வாரந்தோறும் போகும் நீங்கள் கம்பிக்கே செலவழியுங்கள்.

பலகையைக் கட்டும் முறை கேரியரைவிட முக்கியம் என்பது என் எண்ணம். நாம் ஏறி நிற்கும், மெழுகு பூசிய பக்கம் கீழே பார்க்க, ஃபின் (பலகையின் வால்பக்கத்து அடியில் மீன் துடுப்பு போல நிற்பது) வண்டியின் முன்புறத்தில் மேல்நோக்கி நிற்க வேண்டும். முன் பட்டையை ஃபினுக்குச் சற்றுப் பின்னால் போட்டால், காற்று பலகையைப் பின்னே தள்ளினாலும் ஃபின் பட்டையில் மாட்டிக்கொண்டு பலகையை நிறுத்திவிடும். பலகை கவிழ்ந்து கிடப்பதால் அதன் வளைவு கீழ்நோக்கி அமைகிறது; காற்று அதைத் தூக்குவதற்குப் பதில் அழுத்துகிறது. வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் விசை நான்கு மடங்காகிறது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு, கடற்கரைச் சாலையில் 80 கிலோமீட்டரைத் தாண்டாமல் ஓட்டுவதே நல்லது.

பட்டைகளில் கேம் பக்கிள், அதாவது கையால் இழுத்து இறுக்கும் கவ்வி, உள்ளதையே வாங்குங்கள். லாரிகளில் சரக்கு இறுக்கும் ராட்செட் பட்டை நாம் உணராமலே பலகையின் விளிம்பை நொறுக்கும் அளவுக்கு இறுகிவிடும். பக்கிளுக்கு அடியில் ரப்பர் உறை இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பழைய டியூபை வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். கம்பிகளில் நுரைத் திண்டு அவசியம். இரண்டு கம்பிகளுக்கும் இடையே வண்டி எவ்வளவு இடம் தருகிறதோ அவ்வளவு இடைவெளி விடுங்கள். என் வண்டியில் 70 சென்டிமீட்டர் வருகிறது, அதற்குக் குறைந்தால் நீண்ட பலகை முனைகளில் ஊசலாடும்.

வெயிலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அலையாடி முடித்துக் கரையேறியதும் பசி எடுக்கும். வண்டியைச் சாலையோரம் வெயிலில் நிறுத்திவிட்டு இட்லி சாப்பிட உட்கார்ந்துவிடுவோம். அந்த அரை மணி நேரத்தில் மெழுகு உருகி உறை முழுவதும் அப்பிக்கொள்ளும். அதைவிட மோசம், உள்ளே இருக்கும் நுரையில் காற்று விரிந்து மேல்தோல் பிரிந்து கொப்புளம் கிளம்புவது. என் முதல் பலகையின் நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு அப்படி ஒன்று உண்டு, தட்டினால் பப்படம் போல ஓசை வரும். வெள்ளி நிற உறை வாங்குங்கள். வண்டியை நிழலில் நிறுத்துங்கள்.

இரட்டைச்சக்கரம்:

சைக்கிள் பற்றி நான் சேர்க்கிறேன். கூரைத் தாங்கிகளில் இரண்டு வகை உண்டு. ஒன்று, இரு சக்கரங்களையும் தடத்தில் நிறுத்திச் சட்டத்தைக் கை போன்ற அமைப்பால் பிடிக்கும். மற்றொன்று, முன் சக்கரத்தைக் கழற்றிவிட்டு, அதைத் தாங்கும் கவை போன்ற ஃபோர்க்கைப் பூட்டும். உங்களில் யாருடையதாவது கார்பன் சட்டம் என்றால் முதல் வகையின் பிடி சட்டத்தை நசுக்கக்கூடும் என்பதால் இரண்டாவதையே பாருங்கள். அலுமினியமோ இரும்போ என்றால் முதலாவது வசதியானது. பலகைக்கு அருகில் சைக்கிள் நிற்கும்போது உட்புறத்து பெடல் பலகையின் விளிம்பில் குத்தும். அந்த ஒரு பெடலைக் கழற்றிவிடுங்கள். அது இடது பெடலாக இருந்தால் கடிகாரச் சுற்றில் திருப்பினால்தான் கழலும்.

உயரத்தை மறக்காதீர்கள். என் வண்டி ஒன்றரை மீட்டர் உயரம். மேலே சைக்கிள் ஏறியதும் 2.6 மீட்டரைத் தாண்டிவிடுகிறது. ஏற்காட்டிலிருந்து திரும்பிய அன்று களைப்பில் ஒரு வணிக வளாகத்தின் அடித்தள நிறுத்தத்துக்குள் திருப்பினேன். நுழைவாயிலில் தொங்கிய உயரத் தடுப்பு கைப்பிடியில் மோதியது. சைக்கிளின் சட்டம் தப்பித்தது. ஆனால் தாங்கி பின்னோக்கி மடங்கிக் கூரைத் தகட்டில் ஓர் உள்ளங்கைக் குழி விழுந்தது. தவறு முழுக்க என்னுடையதே. அன்று முதல் கூரையில் சைக்கிள் இருந்தால் ஸ்டீயரிங்கில் ஒரு சிவப்பு நாடாவைக் கட்டிவிடுகிறேன்.

காவல் துறை பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் ஒருநாள் கேட்பீர்கள். 2019 திருத்தத்துக்குப் பின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 194(1அ) பிரிவு, எந்த வண்டியிலும் ஏற்றிய சரக்கு பக்கவாட்டிலோ முன்னாலோ பின்னாலோ உயரத்திலோ அனுமதித்த அளவைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்தால் 20,000 ரூபாய் அபராதம் என்கிறது. உங்கள் 9 அடிப் பலகை 2.75 மீட்டருக்குள் அடங்குவதால், நடுவாக வைத்தால் முன்னும் பின்னும் பம்பருக்கு வெளியே வராது. கம்பியின் முனைகள் கதவுக்கு வெளியே துருத்தாத நீளத்தில் வாங்குங்கள். டிக்கியில் தொங்கவிடும் மலிவான தாங்கியை நான் தவிர்ப்பதற்குக் காரணம், அதில் சைக்கிள் எண் பலகையையும் பின்விளக்கையும் மறைத்துவிடுவதுதான்.

வேளச்சேரிவாசி:

மூவருக்கும் மிக்க நன்றி. கையேட்டில் கூரைக்கு 50 கிலோ என்றும், ரெயிலில் எதையும் கட்டக் கூடாது என்றும் தெளிவாகவே அச்சிட்டிருக்கிறார்கள். நான்தான் இத்தனை நாளாக அந்தப் பக்கத்தைப் புரட்டவில்லை. என் மாடலுக்கான கொக்கித் தொகுதியோடு கிளாம்ப் வகை வாங்கினேன். இறக்கை வடிவக் கம்பிகளைத் தேர்ந்தெடுத்தேன். கடையில் பூட்டச் சொல்லாமல் நானே பூட்டினேன்.

பாதம் படும் நான்கு இடங்களையும் ஈரத்துணியால் துடைத்தேன். துடைத்த துணியில் மணல் நறநறத்தது. அதன் மேல் அப்படியே பாதத்தை வைத்திருந்தால் பெயின்ட் என்ன ஆகியிருக்கும் என்று அப்போதுதான் புரிந்தது. முன்கண்ணாடி விளிம்பிலிருந்து கையேடு சொன்ன அளவை டேப்பால் அளந்து, காகித ஒட்டுநாடாவால் குறித்துக்கொண்டேன். ஒருபக்கத்தை முழுவதும் இறுக்காமல் இடமும் வலமும் மாறிமாறிச் சில சுற்றுகளாகத் திருகி, உடன் வந்த சாவி 'கிளிக்' என்றதும் நிறுத்தினேன். கதவுகள் வழக்கம்போல் மூடுகின்றன. டிக்கியைத் திறந்தால் பலகையின் முனையில் இடிக்கிறது. பலகையை ஒரு சாண் முன்னே நகர்த்தியதும் சரியாகிவிட்டது.

முதல் பயணத்தில் 30 கிலோமீட்டர் கழித்து நிறுத்திப் பார்த்தபோது பின் இடது கால் அரைச் சுற்று இறுகியது. இப்போது ஒரே குறை: பலகை இல்லாமல் வெறுங்கம்பியோடு ஓட்டினாலும் 70 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் பின்னாலிருந்து புல்லாங்குழல் போல ஓர் ஓசை வருகிறது. இது இயல்புதானா?

இரும்புக்குதிரை:

இயல்பில்லை. கம்பியின் முனை மூடிகளும், மேல் தடத்தில் அமரும் ரப்பர் பட்டையும் முழு நீளத்துக்கு இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால், பின் கம்பியைப் பக்கவாட்டிலிருந்து குனிந்து பாருங்கள். இறக்கை வடிவக் கம்பியில் தடித்த, உருண்ட விளிம்பு வண்டியின் முன்பக்கம் பார்க்க வேண்டும்; மெலிந்த விளிம்பு பின்னே. பட்டை கட்டிய பிறகு வரும் உறுமலுக்கு வேறு மருந்து: பட்டையைத் தட்டையாக விடாமல் ஒரு முறுக்கு முறுக்கிக் கட்டினால் அடங்கிவிடும். வாரநாள்களில் தேவையில்லாதபோது கழற்றி வையுங்கள். ஓசையும் இராது, பெட்ரோலும் மிச்சம். கோவளத்திலிருந்து வந்ததும் கால்களிலும் கொக்கிகளிலும் நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடுங்கள்.

வேளச்சேரிவாசி:

இப்போதுதான் கீழே இறங்கிப் போய்ப் பார்த்தேன். பின் கம்பியை முன்பின்னாகத் திருப்பி மாட்டியிருக்கிறேன். அன்று இருட்டிவிட்டதால் அதை மட்டும் கைப்பேசி வெளிச்சத்தில் பூட்டினேன். நாளைக் காலை கழற்றி மாட்டிவிட்டு எழுதுகிறேன்.