புது ஊர், குளிர்காலம், கிளம்பாத கார்: எந்த பேட்டரி வாங்குவது?

கல்லிடைக்குறிச்சி மகள்:
எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் இங்கே வந்து அதிக நாள் ஆகவில்லை. பழைய கார் ஒன்று வாங்கினோம். இன்று காலையிலிருந்து கிளம்ப மறுக்கிறது. சாவியைத் திருப்பினால் டக் டக் டக் என்று சத்தம் மட்டும் வருகிறது. அவர் இரவு வேலை முடிந்து பஸ் பிடித்து வந்து இப்போதுதான் படுத்திருக்கிறார். நாளை காலையில் குழந்தைக்குத் தடுப்பூசி போடக் கூட்டிப்போக வேண்டும். பேட்டரி போய்விட்டது, மாற்றிவிடுங்கள் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். கடை விலையைப் பார்த்தால் ஒன்றுக்கு ஒன்று இரண்டு மடங்கு வித்தியாசம். எந்த கம்பெனி பேட்டரி நல்லது? ஊரில் அப்பாவிடம் கேட்டால் நான்கு பேரை வைத்துத் தள்ளச் சொல்கிறார். தயவுசெய்து யாராவது உடனே சொல்லுங்கள்.

வள்ளியூர் – மஸ்கட்:
தங்கச்சி, வெயில்தான் பேட்டரிக்கு எமன். இங்கே இரண்டு கோடையைத் தாண்டினாலே பெரிய விஷயம். கம்பெனியைப் பார்க்காதீர்கள், தயாரித்த தேதியைப் பாருங்கள். கடையில் மாதக்கணக்காகக் கிடந்த பேட்டரி விற்காமலே பாதி செத்திருக்கும். இப்போதைக்கு பானெட்டைத் திறந்து பேட்டரி முனைகளைப் பாருங்கள். பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தால் கொதிக்கிற தண்ணீரை ஊற்றிக் கழுவுங்கள். பல நேரம் அதிலேயே வண்டி கிளம்பிவிடும். நான் வந்த புதிதில் கம்பெனி வண்டியை அப்படித்தான் ஓட்டினேன். அப்போது தங்கியிருந்த அறையில் ஏசி கிடையாது, சம்பளமும் தள்ளித் தள்ளித்தான் வந்தது.

பாளையங்கோட்டை – லெஸ்டர்:
சிக்னலில் நின்றால் இஞ்சின் தானாக அணைந்து மறுபடி கிளம்புகிற வண்டியா உங்களுடையது? அப்படியானால் சாதாரண பேட்டரி போடவே கூடாது. ஏ.ஜி.எம். (அமிலத்தைக் கண்ணாடி இழைப் பாயில் ஊறவைத்தது) அல்லது இ.எஃப்.பி. (சாதாரண வகையையே பலப்படுத்தியது) வகைதான் போட வேண்டும். முன்பு ஏ.ஜி.எம். இருந்தால் மறுபடியும் ஏ.ஜி.எம்.தான். விலை கூடுதல் என்று யோசிக்காதீர்கள். சில ஜெர்மன் கார்களில் புது பேட்டரி போட்டதை வண்டியின் கணினியிலும் பதிய வேண்டும். இங்கே பிரிட்டனில் பேட்டரிக்கு 027, 063, 096 என்று எண் உண்டு, கார் பதிவு எண்ணைச் சொன்னாலே கடைக்காரர் சரியான எண்ணை எடுத்துத் தருவார். அதனால் பயப்பட வேண்டாம்.

மேலப்பாளையம் – ஷார்ஜா:
பேட்டரியையே வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்து மாற்றிக்கொடுக்கும் வேன்கள் இருக்கின்றன அக்கா. போன் போட்டால் போதும். நீங்கள் ஏன் அலைய வேண்டும்?

நாங்குநேரி – வின்னிபெக்:
மஸ்கட் அண்ணாச்சி, மன்னிக்க வேண்டும். அவர் சொன்ன சுடுதண்ணீர் வேலையை ஊர் தெரியாமல் யாரும் செய்துவிடாதீர்கள். தங்கச்சி எந்த நாட்டில் இருக்கிறார் என்றே சொல்லவில்லை. தடுப்பூசி, இரவு வேலை, பஸ் என்பதைப் பார்த்தால் கனடாவோ என்று தோன்றுகிறது. இந்த டிசம்பரில் மைனஸ் 25 டிகிரியில் கொதிநீரை ஊற்றினால் அது வழிந்து ஒயரிலும் பெல்ட்டிலும் பனிக்கட்டியாக உறையும். பேட்டரியே உள்ளே உறைந்திருந்தால் இன்னும் ஆபத்து. முழுச் சார்ஜில் இருக்கிற பேட்டரி மைனஸ் 50இல்கூட உறையாது. சார்ஜ் இறங்கிய பேட்டரி மைனஸ் 10 வாக்கிலேயே உறைந்துவிடும், ஏனென்றால் உள்ளே அமிலம் போய்த் தண்ணீர்தான் மிஞ்சியிருக்கும். பக்கவாட்டுச் சுவர் உப்பியிருந்தால் தொடாதீர்கள். அதற்குச் சார்ஜும் ஏற்றக்கூடாது, வேறு வண்டியிலிருந்து மின்சாரம் கொடுத்துக் கிளப்பவும் கூடாது. வெடிக்கும்.

வள்ளியூர் – மஸ்கட்:
ஊர் தெரியாமல் சொன்னது இங்குள்ள வழக்கம் தம்பி. இங்கே 45 டிகிரி வெயிலில் கொதிநீர் ஒன்றும் செய்யாது.

திசையன்விளை – டொராண்டோ:
நான் சொல்வதைக் கேளுங்கள். கண்ணை மூடிக்கொண்டு கடையிலேயே அதிக சி.சி.ஏ. உள்ள பேட்டரியை வாங்குங்கள். குளிரில் இஞ்சினைச் சுழற்றுகிற பலம் அதுதான். மைனஸ் 18 டிகிரியில் 30 விநாடிக்கு, மின்னழுத்தம் 7.2 வோல்ட்டுக்குக் கீழே இறங்காமல், எத்தனை ஆம்பியர் தருகிறது என்பதே அந்த எண். எனக்கு முதல் குளிர்காலத்தில் யாரும் இதைச் சொல்லித்தரவில்லை. விலை குறைந்ததாக ஒன்றை வாங்கி, ஜனவரியில் பனிப்புயலில் நடுவழியில் நின்றேன். பாதாள அறை வாடகை, கைபேசிக் கட்டணம், அதற்கு மேல் இழுவை வண்டிக்காரருக்கும் காசு. அந்த மாதத்தை மறக்கவே முடியாது.

பாளையங்கோட்டை – லெஸ்டர்:
அதிக சி.சி.ஏ. மட்டும் பார்த்தால் போதாது. பேட்டரிப் பெட்டியின் அளவு வேறாக இருந்தால் வண்டியில் அதை வைக்கிற தட்டில் உட்காரவே செய்யாது. முனை இடம் மாறியிருந்தால் கேபிள் எட்டாது.

களக்காடு – மெல்போர்ன்:
இன்சூரன்ஸ் கட்டணத்தை விடவா பேட்டரி பெரிய செலவு? ஊரில் இருபது வருஷம் ஓட்டிய அனுபவத்தை ஒருவரும் கணக்கில் எடுப்பதில்லை. புதுப் பையன் மாதிரி வரிசையில் நிற்க வைக்கிறார்கள்.

திசையன்விளை – டொராண்டோ:
அதைச் சொல்லுங்கள். ஒன்ராறியோ இன்சூரன்ஸ் கேட்டால் ரத்தம் கொதிக்கும்.

பாளையங்கோட்டை – லெஸ்டர்:
இங்கே இந்திய உரிமத்தை வைத்து 12 மாதம்தான் ஓட்டலாம். அதற்குள் எழுத்துத் தேர்வு, ஓட்டுத் தேர்வு இரண்டையும் முடிக்க வேண்டும். தேர்வுக்குத் தேதி கிடைப்பதே பெரும்பாடு. வீட்டில் இருப்பவருக்கு உதவியாக எதுவும் செய்ய முடியாமல் நான் கதவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த நாள்கள் உண்டு. இப்போது புதிதாக வரும் பெண்களைப் பார்த்தால் மனது கேட்பதில்லை.

மேலப்பாளையம் – ஷார்ஜா:
ஊரில் ஒரு போன் போட்டால் வண்ணார்பேட்டையிலிருந்து பையன் பைக்கின் பின்னால் பேட்டரியைக் கட்டிக்கொண்டு வந்து நிற்பான். பழையதற்கும் விலை போட்டுக் கழித்துக்கொள்வான். கையோடு நம் வீட்டுக் காப்பியும் குடித்துவிட்டுப் போவான்.

வண்ணார்பேட்டை பேட்டரிக் கடை:
அந்தப் பையனை அனுப்புகிற கடைக்காரன் நான்தான். எல்லோரும் தங்கச்சி கேட்டதை விட்டுவிட்டுத் தங்கள் கதையைப் பேசுகிறீர்கள். பிள்ளை கைக்குழந்தையோடு தவித்துக்கொண்டிருக்கிறது. கேட்டதற்கு வருவோம்.

தங்கச்சி, நான்கு விவரம் வேண்டும். எந்த ஊர்? கார் என்ன, எந்த வருஷம், கியர் தானாக மாறுகிறதா? பழைய பேட்டரியின் மேல் ஒட்டியிருக்கும் காகிதத்தில் என்னென்ன எழுதியிருக்கிறது? சாவியைத் திருப்பும்போது உள்விளக்கு மங்குகிறதா, அப்படியே எரிகிறதா?

கடைசிக் கேள்வி முக்கியம். வேகமாக டக் டக் என்று அடித்து விளக்கும் மங்கினால் மின்சாரம் போதவில்லை என்று அர்த்தம். ஒரே ஒரு தடவை டக்கென்று அடித்து, விளக்கு குறையாமல் எரிந்தால் இஞ்சினைச் சுழற்றிக் கிளப்புகிற ஸ்டார்ட்டர் மோட்டார் பக்கம் பார்க்க வேண்டும். அதற்குப் புது பேட்டரி போட்டால் பணம் தண்டம். முனை தளர்ந்திருந்தாலும் அதே டக் டக் வரும். என் கடைக்கு பேட்டரி போய்விட்டது என்று வருகிற வண்டிகளில் கணிசமானவற்றுக்கு முனையைச் சுரண்டித் துடைத்து இறுக்கினாலே சரியாகிவிடும். விற்கிறவன் நானே சொல்கிறேன், சோதிக்காமல் வாங்க வேண்டாம்.

கல்லிடைக்குறிச்சி மகள்:
அண்ணாச்சி, மிகவும் நன்றி. எட்மன்டனில் இருக்கிறோம். டொயோட்டா கரோலா, 2015. கியர் தானாக மாறுகிற வண்டி. சிக்னலில் அணைவதெல்லாம் இல்லை. பேட்டரியின் மேலே 35 என்று பெரிதாகவும், 550 சி.சி.ஏ. என்று சின்னதாகவும் போட்டிருக்கிறது. சாவியைத் திருப்பினால் உள்விளக்கு அப்படியே அவிந்துபோகிறது. முனையில் நீலப் பச்சையாகப் பொடி இருக்கிறது, கேபிள் இறுக்கமாகத்தான் இருக்கிறது. பேட்டரி உப்பியிருக்கவில்லை. வண்டியின் முன்னால் கிரில்லிலிருந்து ஒரு ஒயர் தொங்குகிறது, நுனியில் பிளக் இருக்கிறது. முன்பு வைத்திருந்தவர் ஏதோ விட்டுப்போனதோ என்று சுருட்டிக் கட்டிவைத்திருக்கிறோம்.

நாங்குநேரி – வின்னிபெக்:
அந்த ஒயரை அவிழ்த்துவிடுங்கள் தங்கச்சி! இஞ்சினைச் சூடாக்கும் ஹீட்டரின் பிளக் அது. மைனஸ் 15க்குக் கீழே போனால் கிளம்புவதற்கு மூன்று நான்கு மணி நேரம் முன்பே அதைக் கரண்டில் சொருக வேண்டும். உங்கள் ஊரில் வண்டி நிறுத்துகிற இடங்களில் கம்பத்தோடு பிளக் பாயிண்ட் இருப்பது அதற்காகத்தான். ஒன்று நினைவில் வையுங்கள், அது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றாது. குளிரில் இஞ்சின் ஆயில் கெட்டியாகிச் சுழற்றக் கடினமாகிவிடும். அதே குளிரில் பேட்டரியின் பலமும் பாதியாகக் குறையும். ஹீட்டர் முதல் தொல்லையைக் குறைக்கும், பேட்டரி இரண்டாவதைத் தாங்க வேண்டும்.

வண்ணார்பேட்டை பேட்டரிக் கடை:
இப்போது விஷயம் தெளிவாகிவிட்டது, விளக்கு அவிவதால் மின்சாரம்தான் போதவில்லை. அப்பாவிடம் சொல்லிவிடுங்கள், கியர் தானாக மாறும் வண்டியைத் தள்ளிக் கிளப்ப முடியாது.

35 என்பது பெட்டியின் அளவும் முனைகளின் இடமும் சேர்ந்த எண். நீளம் 23 சென்டிமீட்டர் வரும், இங்கே நாங்கள் ஜப்பான் கணக்கில் டி23 என்போம். அமெரிக்கக் கணக்கில் 25 என்று இன்னொன்று உண்டு. பெட்டி அதே அளவு, முனைகள் மட்டும் இடம் மாறியிருக்கும். பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும், தட்டிலும் உட்காரும். அவசரத்தில் யாராவது அதை எடுத்துக் கொடுத்தால் வாங்காதீர்கள். கேபிள் எட்டாமல் போவது ஒருபுறம் இருக்க, யாராவது மாற்றிப் பொருத்திவிட்டால் வண்டியின் மின்சுற்று எரியும்.

ஏ.ஜி.எம். கட்டாயம் இல்லை. லெஸ்டர் அக்கா சொன்னது அந்த மாதிரி வண்டிகளுக்குச் சரி, உங்கள் வண்டிக்குச் சாதாரண வகையே போதும். சி.சி.ஏ. 550க்குக் குறையக் கூடாது. 35ஆம் எண்ணில் 600க்கு மேல் இருந்தால் உங்கள் ஊர் குளிருக்கு நல்லது, அதற்கு மேலும் தேடி அலைய வேண்டாம். தேதி விஷயத்தில் மஸ்கட் அண்ணாச்சி சொன்னதை அப்படியே ஒப்புக்கொள்கிறேன். ஆறு மாதத்துக்கு உள்ளே தயாரித்ததாகக் கேளுங்கள். பல கம்பெனிகள் மாதத்தை எழுத்தாகவும் வருஷத்தை எண்ணாகவும் போடுவார்கள், ஏ என்றால் ஜனவரி, பி என்றால் பிப்ரவரி.

திசையன்விளை – டொராண்டோ:
அண்ணாச்சி சொல்வது சரிதான், அளவை நான் சொல்லாமல் விட்டேன். தங்கச்சி, உதிரி பாகக் கடைகள் பலவற்றில் பேட்டரியை இலவசமாகவே சோதித்துச் சொல்வார்கள். கழற்றிக் கொண்டுபோனாலும் சோதிப்பார்கள். சாலை உதவிச் சங்கத்தில் உறுப்பினராக இருந்தால் அவர்களே வீட்டுக்கு வருவார்கள், பல இடங்களில் பேட்டரியை அங்கேயே மாற்றியும் தருவார்கள்.

நாங்குநேரி – வின்னிபெக்:
பக்கத்து வீட்டுக்காரர் நல்லவராகத் தெரிகிறார். அவர் வண்டியை வைத்து இன்றைக்குக் கிளப்பிப் பாருங்கள். சிவப்பு கேபிளை முதலில் உங்கள் பேட்டரியின் பிளஸ்ஸில், அடுத்த நுனியை அவர் பிளஸ்ஸில். கறுப்பை அவர் மைனஸில், கடைசி நுனியை உங்கள் பேட்டரியில் மாட்டாமல், தள்ளி இஞ்சினில் பெயிண்ட் இல்லாத இரும்பில் மாட்டுங்கள். பேட்டரியிலிருந்து வரும் வாயு தீப்பொறியில் பற்றும், அதனால்தான் தள்ளி. கழற்றும்போது அப்படியே தலைகீழ் வரிசை. கிளம்பிவிட்டால் அணைக்காமல் நேரே கடைக்குப் போய்ச் சோதித்துவிடுங்கள்.

களக்காடு – மெல்போர்ன்:
பத்து நிமிஷம் நிறுத்தியபடியே ஓடவிட்டால் சார்ஜ் ஏறிவிடுமே, கடைக்கு எதற்கு?

வண்ணார்பேட்டை பேட்டரிக் கடை:
ஏறாது தம்பி. சும்மா ஓடும்போது ஆல்டர்னேட்டர் (இஞ்சின் சுழற்சியில் மின்சாரம் உண்டாக்கும் கருவி) தருவது கொஞ்சம்தான், அதையும் குளிரில் ஹீட்டர் ஃபேனும் விளக்கும் கண்ணாடியைச் சூடாக்குவதும் தின்றுவிடும். முழுக்க இறங்கிய பேட்டரியைச் சார்ஜரில்தான் ஏற்ற வேண்டும்.

கல்லிடைக்குறிச்சி மகள்:
நேற்று மாலையே அவர் எழுந்து, பக்கத்து வீட்டுக்காரர் உதவியோடு நீங்கள் சொன்ன வரிசையில் கிளப்பிவிட்டார். கடையில் சோதித்தார்கள். பேட்டரி தேறாது என்று காகிதத்தில் அச்சடித்தே கொடுத்தார்கள். 35ஆம் எண், 640 சி.சி.ஏ., தேதி பார்த்து வாங்கினோம். கடைப் பையன் முதலில் எடுத்து வந்தது போன வருஷத்தியது, கேட்டவுடன் மாற்றிக் கொடுத்தான். பழையதைக் கொடுத்ததற்குப் பில்லில் ஒரு தொகை கழித்தார்கள், அது என்ன என்று புரியவில்லை. காலையில் ஒரே திருப்பில் கிளம்பியது. குழந்தைக்கு ஊசி போட்டாயிற்று. உங்கள் எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

திசையன்விளை – டொராண்டோ:
பழைய பேட்டரிக்காக முன்பணம் வாங்குவார்கள், திருப்பிக் கொடுத்தால் கழிப்பார்கள். உள்ளே இருப்பது ஈயமும் அமிலமும், குப்பையில் போடக்கூடாது என்பதற்காக. பில்லைக் கைபேசியில் படம் எடுத்து வையுங்கள், வெப்பத்தாளில் அச்சடித்த எழுத்து அழிந்துபோகும். உத்தரவாதம் கேட்கும்போது அது வேண்டும்.

வண்ணார்பேட்டை பேட்டரிக் கடை:
மகிழ்ச்சி தங்கச்சி. ஒரு வேலை பாக்கி இருக்கிறது. வண்டி ஓடும்போது பேட்டரி முனையில் எத்தனை வோல்ட் என்று அடுத்த முறை கடையில் பார்க்கச் சொல்லுங்கள். 13.8 முதல் 14.7 வரை இருந்தால் சரி. 13க்குக் கீழே இருந்தால் ஆல்டர்னேட்டர் சார்ஜ் ஏற்றவில்லை, புது பேட்டரியும் இறங்கிவிடும். ராத்திரி முழுக்க நிறுத்தியிருந்து, காலையில் கிளப்புவதற்கு முன் பார்த்தால் 12.6 இருக்க வேண்டும். 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது, ஏதோ ஒன்று இரவில் மின்சாரத்தை இழுக்கிறது. முன்பு வைத்திருந்தவர் கேமராவோ வேறு எதுவோ தனியாக ஒயர் இழுத்து மாட்டியிருந்தால் முதலில் அதைக் கழற்றிவிட்டுப் பாருங்கள்.

கல்லிடைக்குறிச்சி மகள்:
கண்ணாடிக்குப் பின்னால் ஒரு கேமரா இருக்கிறது அண்ணாச்சி. இரவில்கூட அதில் சின்னதாகச் சிவப்பு விளக்கு எரிகிறது.

வண்ணார்பேட்டை பேட்டரிக் கடை:
அதன் ஒயர் ஃபியூஸ் பெட்டிக்குள் போகிறதா, சிகரெட் லைட்டர் துளையில் சொருகியிருக்கிறதா என்று பாருங்கள். துளையில் என்றால் இன்றிரவே உருவிவிடுங்கள். ஃபியூஸ் பெட்டிக்குள் போனால் கையை வைக்க வேண்டாம், சாவி போட்டால் மட்டும் மின்சாரம் வரும் ஃபியூஸுக்கு மாற்றித் தரும்படி அந்தக் கடையிலேயே கேளுங்கள்.