பழைய ராக் பேண்ட், ஸ்டேடியம் ஷோ: எங்கே நிற்பது?

கேள்வி: மேடையை ஒட்டியா, பின்னாடியா? ஆல்பத்தில் கேட்ட மாதிரியே இருக்குமா?

பதில் 1: முகம் பார்க்கணும்னா முன்னாடி. பாட்டு கேட்கணும்னா மிக்ஸர் மேசைக்குச் சற்று முன்னால், நடுவில். சவுண்ட் இன்ஜினியர் அங்கிருந்து கேட்டுத்தான் சமன் பண்றார். மேடையை ஒட்டி நின்னா டிரம்ஸும் கிட்டார் ஆம்பும் (கிட்டார் ஒலியைப் பெருக்கும் பெட்டி) நேரா அடிக்கும். தொங்கும் ஸ்பீக்கர் ஒலி தலைக்கு மேல போயிடும், குரல் அமுங்கும். ரொம்பப் பின்னாடியும் வேண்டாம்: 100 மீட்டர் தாண்ட ஒலிக்கு 0.3 நொடி ஆகும், டிரம் அடி கண்ணுக்கு ஒரு நேரம், காதுக்கு ஒரு நேரம்.

பதில் 2: இயர்பிளக் (காதடைப்பான்) கட்டாயம். பாதுகாப்புக் கணக்கில் 85 டெசிபல் சத்தத்தை ஒரு நாளைக்கு 8 மணி நேரம் வரை கேட்கலாம். 3 டெசிபல் ஏறினால் நேரம் பாதி. 100-க்கு வெறும் 15 நிமிஷம்! நுரை பிளக்னா மெல்லிசா உருட்டி, காது மடலை மேலே இழுத்துச் செருகி, அரை நிமிஷம் விரலால் பிடிங்க. பாதி செருகினா வீண். நுரை பிளக் டிரம்ஸோட சிம்பல் (உலோகத் தட்டு) ஒலியை மங்கடிக்கும். எல்லா ஒலியையும் ஓரளவு சமமா குறைக்கும் ஃபில்டர் வெச்ச பிளக் மேல்.

பதில் 3: ஆல்பம் மாதிரி இருக்காது. வயசான குரலுக்காகக் கிட்டாரை அரை ஸ்வரமோ ஒரு ஸ்வரமோ இறக்கித்தான் பல பேண்டுகள் வாசிக்கும். கூடவே பாட நினைச்சா சுருதி இடிக்கும், பழகிக்கோங்க.